அப்டேட் தொல்லை இல்லை

கோகிலவாணியின் கம்ப்யூட்டர் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் அவள் தும்மினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். ஆகவே அவளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கள்ளக்குறிச்சியில் கிடையாது. எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், கொஞ்சம் முன்கோபம். இரண்டையும் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அவளுக்குச் சொந்த ஊர் திருநாவலூர்ப் பக்கம். சொந்தம் என்று சொல்ல ஊர் மட்டும்தான், நிலம் ஒரு சென்ட் கிடையாது. அம்மா கொளஞ்சியம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் மகளைப் பாலிடெக்னிக் படிக்கவைத்தார். படிப்பு முடிந்ததும் வாணி சென்னையில் ஒரு சர்வீஸ் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். எல்லாரும் ஊரை விட்டுச் சென்னைக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இவள் மட்டும் ஒரு பெட்டி நிறைய ஸ்குரூ டிரைவரோடு திரும்பி வந்து, என் கடைக்குப் பக்கத்தில் ஷட்டரைத் தூக்கினாள்.

முதல் மாதம் வந்தவன் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்டான்.

"ஆளு இல்லியாம்மா?"

"நான்தாங்க ஆளு. மெஷினுக்கு இன்னா?"

இதை அவள் சிரிக்காமல் சொல்வாள். ஒரு வருஷத்தில் அந்தக் கேள்வி நின்றுவிட்டது. "வாணிகிட்ட குடு, பார்மட் போட்டுத் தரும்" என்று ஊரே சொல்ல ஆரம்பித்தது.

பார்மட் என்றால் எங்கள் ஊரில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓ.எஸ். என்கிற இயங்குதளத்தைப் புதிதாகப் போடுவது. போடுவது என்னவோ அரை மணி வேலை. அதற்கப்புறம்தான் வினை. அவள் போடுகிற பென்டிரைவில் இருப்பது இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தைய ஓ.எஸ். அது கண்ணைத் திறந்து நெட்டைப் பார்த்ததும், விட்டுப்போன அத்தனை அப்டேட்டும் வேண்டும் என்று அடம்பிடிக்கும். இறக்கும், அணைந்து எரியும், மறுபடி இறக்கும். ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நெட் லைன் கிடையாது, போன் டேட்டாதான். ஒருமுறை செங்கல் சூளைக்காரர் ஒருவர் பார்மட் போட்ட லேப்டாப்பைக் கொண்டுபோய்ப் போனோடு இணைத்திருக்கிறார். அன்றைய டேட்டா முழுவதையும் அப்டேட் சாயங்காலத்துக்குள் தின்று தீர்த்துவிட்டது. மகளுக்கு ஆன்லைன் வகுப்பு போயிற்று. மனுஷன் கடை வாசலில் நின்று கத்திய கத்தலில் என் மெஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது.

அன்றைக்கே வாணி ஒரு காரியம் செய்தாள். தன் பென்டிரைவில் இருந்த ஓ.எஸ்.ஸிலேயே அப்டேட்டை ஆஃப் செய்துவைத்துவிட்டாள். அதிலிருந்து எந்த மெஷினுக்குப் போட்டாலும் அது அப்டேட் என்று வாயே திறக்காது. ஜனங்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கடைக்கு வெளியே புதுப் போர்டு ஏறியது: "பார்மட் – 40 நிமிடம். அப்டேட் தொல்லை இல்லை." அந்த வாசகம் நான் சொல்லிக்கொடுத்தது. பின்னால் வந்த வம்பில் எனக்கும் பங்கு உண்டு என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்குள் ஊரில் இருந்த மற்றக் கடைகளும் இதையே செய்ய ஆரம்பித்தன.

இப்போது சின்னதுரைக்கு வருகிறேன். கல்வராயன் மலையில் கரியாலூரில் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் நடத்துகிற பையன், முப்பது வயது இருக்கும். மலையில் படித்த பிள்ளைகள் வேலைக்கான ஆன்லைன் தேர்வு எழுத வேண்டுமென்றால் சேலத்துக்கோ விழுப்புரத்துக்கோ போக வேண்டும். காலை எட்டரைக்கு கேட்டை மூடிவிடுவார்கள். மலையிலிருந்து முதல் பஸ் ஏறினால் எட்டரைக்கு எங்கே போய்ச் சேர்வது? முதல் நாளே போய்த் தங்க ஆம்பளைப் பசங்களுக்கு பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. பெண் பிள்ளைகளை யார் அப்படி அனுப்புவார்கள்? சின்னதுரையின் தங்கை ஆண்டாள் இரண்டு தடவை விண்ணப்பம் போட்டு இரண்டு தடவையும் எழுத முடியாமல் போனவள். ஒரு தடவை பஸ் வரவில்லை. இன்னொரு தடவை நான்கு நிமிஷம் தாமதம்.

அதனால் சின்னதுரை தன் மையத்தையே தேர்வு மையமாக்கக் கேட்டு மனு மேல் மனு போட்டான். கடைசியில் தேர்வு நடத்துகிற நிறுவனம் இறங்கி வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அலுவலர் வருவார், இருபத்துநான்கு கம்ப்யூட்டரையும் சோதிப்பார், சரியாக இருந்தால் இந்த முறையே மையம், இல்லையென்றால் மலைப் பிள்ளைகள் ஐம்பத்தெட்டுப் பேரும் வழக்கம்போல சேலத்துக்கு என்று கடிதம் வந்தது. சின்னதுரை இருபத்துநான்கு மெஷினையும் சுத்தமாகத் துடைத்துப் போடும்படி வாணியிடம் ஒப்படைத்தான். அவளும் மலையேறிப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து தன் பென்டிரைவால் எல்லாவற்றுக்கும் புதிதாக ஓ.எஸ். போட்டுவிட்டு வந்தாள். வந்து என்னிடம் பெருமையடித்துக்கொண்டது தனிக் கதை.

புதன்கிழமை பதினோரு மணிக்கு சின்னதுரை போன் செய்தான். அவன் போட்ட சத்தம் போனையும் சுவரையும் தாண்டி எனக்கே கேட்டது. நிறுவனம் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள ஒரு சோதனை நிரலை அனுப்பியிருந்தது.

"அக்கா, இன்னாக்கா இது? இருவத்தி நாலும் செவப்பா காட்டுது. ஓ.எஸ். பழசு, அப்டேட் பண்ணுன்னு வருது."

எனக்கே பொறுக்காமல் எழுந்து போனேன். வாணி போனைக் கையில் வைத்துக்கொண்டு சிலைபோல நின்றிருந்தாள்.

"நெட்டு சரியில்லன்னு சொல்லிடு வாணி" என்று காதோரம் கிசுகிசுத்தேன். "மலையில நெட்டு இல்லாததுக்கு நீ இன்னா பண்ணுவ?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன்.

"துரை, தப்பு நெட்டுதில்ல. என்னுது. டேட்டா தின்னுதுன்னு அப்டேட்ட நான்தான் ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன். உனுக்குப் போடும்போது அத மறந்துட்டேன்."

அவன், "சரிங்கக்கா. இப்ப இன்னா பண்ணலாம், சொல்லுங்க" என்றான். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை.

"திட்டியிருந்தா கூட நல்லா இருந்திருக்கும்ணா" என்று வாணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லி, இருபத்துநான்கு மெஷினிலும் அப்டேட்டை ஆன் செய்யவைத்தாள். மலையில் இருப்பது ஒரே ஒரு நெட் இணைப்பு, அதுவும் நூல் மாதிரி. இருபத்துநான்கு மெஷினும் ஒரே நேரத்தில் அதில் வாயை வைத்தால் என்ன ஆகும்? சாயங்காலம் வரை ஒன்றுகூட இரண்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. இப்படியே போனால் பத்து நாள் ஆகும் என்று கணக்குப் போட்டாள். கையில் இரண்டு நாள்கூட இல்லை.

மெஷின்களை வேனில் ஏற்றிக் கீழே கொண்டுவந்துவிடலாம் என்றேன். கொண்டைஊசி வளைவில் இருபத்துநான்கு பெட்டியும் குலுங்கி வந்து, குலுங்கி ஏறி, அப்புறம் எது உயிரோடு இருக்கும் என்று கேட்டாள்.

வியாழக்கிழமை காலை. இருந்த கடுப்பில் அவள் யாருடைய மெஷினையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவிடமிருந்து போன். கை காலியில்லாததால் ஸ்பீக்கரில் போட்டாள். அதனால் நானும் கேட்டேன். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

"சாப்ட்டியாடி?" என்றார் கொளஞ்சியம்மாள்.

"அப்பறம் சாப்புடறேன். நீ இன்னா பண்ணிகினு இருக்க?"

"வரப்புல குந்திகினு இருக்கேன். நடவாளுங்க எல்லாம் வந்தாச்சு, நாத்து வர்ல. டெம்போ எலவனாசூர்கோட்டைலருந்து வந்துகினு இருக்குதாம்."

"ஏன், அங்கயே நாத்து வுடலியா?"

"போன மாசம் இங்க ஏதுடி தண்ணி? இப்பதான மழ பேஞ்சுது. தண்ணி இருக்கிற எடத்துல வுட்டு வளத்து, புடுங்கி, முடி கட்டி ஏத்தி வுடறாங்க. வந்து எறங்குனா நட வேண்டியதுதான், பொழுதோட முடிஞ்சிடும். சரி வெச்சிடு, வண்டி சத்தம் கேக்குது."

போன் அணைந்தது. வாணி ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். அப்புறம் திரும்பி, "அண்ணா, நான் ஒரு மடச்சி" என்றாள்.

"அது தெரிஞ்சதுதான, இப்ப இன்னா புதுசா?"

"மேல நெட்டு இல்ல. அங்க போயி எதுக்கு வளக்கணும்? நெட்டு இருக்கிற எடத்துல வளத்து எடுத்துகினு போயி, மேல நட மட்டும் செய்யணும்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் விளக்கினாள். பழைய ஓ.எஸ்.ஸைப் போட்டுவிட்டு மூன்று வருஷத்து அப்டேட்டை ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக இறக்குவதால்தான் இத்தனை நேரம். அதற்குப் பதில் இந்த மாதத்துப் புது ஓ.எஸ்.ஸை இங்கே கீழே, கடையில் இருக்கும் வேகமான லைனில் ஒரே ஒருமுறை இறக்கிக்கொள்வது. அதற்கப்புறம் வந்திருக்கும் அப்டேட்டையும் இங்கேயே அதற்குள் சேர்த்துவிடுவது. அந்த மெஷின்களுக்கு வேண்டிய டிரைவர் என்கிற துணை நிரல்களையும் கூடவே வைத்துவிட்டால் அதற்கும் நெட்டைத் தேடாது. மேலே போய்ப் போட்டதுமே மெஷின் முழுசாக வளர்ந்தே எழுந்திருக்கும்.

"செஞ்சா வேல செய்யுமா?" என்றேன்.

"உங்க மெஷினக் குடுங்கண்ணா, பாத்துடலாம்."

இப்படியாக என் கடைக் கம்ப்யூட்டர் முதல் பலி. பதினாறு கல்யாணப் பத்திரிகை டிசைன் அதில் இருந்தது. எடுத்துவைக்க எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்தாள், அதுவே அவளுக்குப் பெரிய மனசு. முதல் தடவை போட்டபோது பாதியில் நின்றுவிட்டது. அப்டேட்டைச் சேர்த்த வரிசை தப்பாம். மறுபடி செய்தாள். சாயங்காலம் நான்கு மணிக்கு என் மெஷின் பதினான்கே நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தது. அப்டேட் இருக்கிறதா என்று தேடச் சொன்னாள். எதுவும் பாக்கி இல்லை என்று வந்தது. நான் கைதட்டினேன். அவள் என் கடையில் விற்காமல் தூங்கிக்கொண்டிருந்த ஆறு பென்டிரைவையும் பிடுங்கிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் என் ஆம்னி வேனில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறிக் கரியாலூர் போய்ச் சேரும்போது எட்டரை. சின்னதுரை வாசலில் நின்றிருந்தான். ஆண்டாள் கரும்பலகையில் ஒன்றிலிருந்து இருபத்துநான்கு வரை எண் எழுதி வைத்திருந்தாள். முடிய முடிய டிக் போடுவதாக ஏற்பாடு.

வாணி செய்த முதல் வேலை, எல்லா மெஷினிலிருந்தும் நெட் வயரைப் பிடுங்கியது.

"ஏங்கக்கா?" என்றான் சின்னதுரை.

"வயரு இருந்தா நடுவுல நெட்டத் தேடிகினு நிக்கும். வேல முடிஞ்சப்பறம் செருகலாம்."

ஆறு பென்டிரைவ், நான்கு பேர். நானும் ஒரு பென்டிரைவை எடுத்து ஒரு பெட்டியின் முன்பக்கம் செருகினேன். எங்கிருந்தோ பாய்ந்து வந்தாள்.

"அண்ணா, அது ஸ்லோ ஓட்ட! பின்னாடி நீலமா இருக்கும் பாருங்க, அதுல குத்துங்க. ஒண்ணுக்குப் பத்து நிமிஷம் மிச்சம்."

இருபத்துநான்கில் மூன்று மட்டும் பழைய மெஷின், நீல ஓட்டையே கிடையாது. அவற்றை முதலில் ஆரம்பித்துத் தனியே நகரவிட்டாள். நடுவில் தூங்கிப்போகாமலிருக்க எல்லா மெஷினிலும் ஸ்லீப்பை நிறுத்திவைத்தாள். அந்த நான்கு மணி நேரமும் அந்தக் கூடத்தில் யாரும் உட்காரவில்லை. ஒன்றில் பிடுங்கி அடுத்ததில் குத்தி, மறுபடி பிடுங்கி மறுபடி குத்தி, வரிசை வரிசையாக நகர்ந்தோம். ஆண்டாள் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். பதினெட்டு. இருபத்தொன்று. ஒரு மணிக்கு இருபத்துநான்காவது டிக் விழுந்தபோது அவள் சாக்பீஸை இரண்டாக உடைத்துவிட்டாள். சாப்பிட்டோமா என்று கேட்காதீர்கள்.

அலுவலர் இரண்டரைக்கே வந்துவிட்டார். பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "இருட்டறதுக்குள்ள நான் எறங்கணும், சீக்கிரம்" என்றார். வயரைச் செருகினோம். அவர் தன் சோதனை நிரலை ஓட்டினார்.

சிவப்பு இல்லை. ஆனால் பச்சையும் இல்லை. இருபத்துநான்கும் மஞ்சள்.

"இன்னைக்கி காலையில ஒரு அப்டேட் வந்திருக்கும்மா. அது எதுலயுமே இல்ல" என்றார். "நாலு மணிக்கு ரிப்போர்ட் அனுப்பணும். மலை நெட்டுல இத்தனை மெஷினுக்கு இறங்குமா? அடுத்த தடவை பாத்துக்கலாமே."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. காலையில் வந்த அப்டேட்டுக்கு இத்தனை பேர் உழைப்பைத் தள்ளிவிடுவீரா என்று கேட்க வாயைத் திறந்தேன். ஆண்டாள் கரும்பலகைக்குப் பக்கத்தில் முகம் செத்துப்போய் நின்றிருந்தாள்.

வாணி எனக்கு முன்னால் பேசினாள். "நாலு மணி வரைக்கும் டைம் இருக்குது இல்லைங்க சார்? குந்துங்க. துரை, சாருக்கு டீ சொல்லு."

நேராக ஒன்றாம் எண் மெஷினுக்குப் போனாள். அதில் மட்டும் அப்டேட்டை ஓடவிட்டு, மற்ற இருபத்துமூன்றிலும் நிறுத்திவைத்தாள். மலையின் நெட் மொத்தமும் அந்த ஒன்றுக்கே போயிற்று. ஆனாலும் அது ஊர்ந்துதான் போனது. பத்து சதவீதம். இருபத்தைந்து. அலுவலர் கடிகாரத்தைப் பார்ப்பதும் டீயை ஊதுவதுமாக இருந்தார். மூன்று பத்துக்கு நூறு வந்து, அணைந்து எழுந்து, பச்சை காட்டியது.

"ஒண்ணுக்கு அரை மணி. இருபத்துமூணு பாக்கி" என்று அலுவலர் எழுந்தார்.

"ஒரு நிமிசம் சார்." வாணி இரண்டாம் மெஷினில் அப்டேட்டைத் திறந்துவிட்டாள். விர்ரென்று ஏறியது. நான் எண்ணி முடிப்பதற்குள் நூறு. மூன்றாம் மெஷின், அதே கதை. அப்புறம் மீதி எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டாள். வரிசையாக அணைந்தன, வரிசையாக எரிந்தன. மூன்று நாற்பத்தொன்றுக்கு அந்தக் கூடத்தில் இருபத்துநான்கு பச்சை.

அலுவலர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "எப்படிம்மா இது?"

"மேலருந்து ஒருதரம் எறங்குனா போதும் சார். அப்பறம் ஒண்ணுகிட்டருந்து ஒண்ணு வாங்கிக்கும். அந்த ஏற்பாடு ஓ.எஸ்.லயே இருக்குது, நாமதான் ஆன் பண்றதில்ல. காலையிலயே ஆன் பண்ணிட்டேன்."

அவர் கையெழுத்துப் போட்டார். மூன்று இடத்தில் போட்டார். சின்னதுரை தேர்வறை என்றும் பாராமல் விசிலடித்தான். ஆண்டாள் வாணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன். ஏதோ என் வீட்டுப் பிள்ளை பாஸானது போலிருந்தது.

மறுநாள் வாணி கடை வாசலில் இருந்த போர்டைத் தானே ஏறிக் கழற்றினாள். அப்டேட் இல்லாத மெஷினில் வைரஸ் சுலபமாக நுழையும் என்று பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டு, மெஷினைக் கொண்டுவரச் சொல்லி, எல்லாவற்றிலும் அப்டேட்டைத் திறந்துவிட்டாள். செங்கல் சூளைக்காரரிடம் எப்படிச் சொல்லிப் புரியவைத்தாள் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் கத்தவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரியாலூரில் மூன்று பிரிவாகத் தேர்வு நடந்தது. எங்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நாங்கள் போகவில்லை. திங்கட்கிழமை காலை சின்னதுரை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய தாள்களை நகலெடுக்க என் கடைக்கு வந்தான். சத்தம் கேட்டு வாணியும் வந்துவிட்டாள். ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்தேன். வருகைப் பதிவு. கண்காணிப்பாளர் அறிக்கை. அடுத்து வந்த தாளில் "தேர்வுக்கு வராதவர்கள்" என்று தலைப்பு, கீழே கட்டங்கள், எதிலும் எழுத்தே இல்லை.

"இன்னா துரை, இதுல எழுதாம வுட்டுட்ட?"

"எழுத யாரும் இல்லீங்கண்ணா. அம்பத்தெட்டும் வந்துட்டாங்க. பொண்ணுங்க முப்பத்தொண்ணும்."

வாணி அந்தத் தாளைக் கையில் வாங்கினாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் நீட்டினாள்.

"எனக்கும் ஒரு காப்பி போடுங்கண்ணா."